மருத்துவ கவுன்: தெரிவு, பயன்பாடு, உரிமைகள்

நோயாளியின் இரத்தம், சீழ், வாந்தி, மலம் ஆகியவை பணியாளரின் உடலிலும் உடையிலும் படாமல் தடுப்பதும், ஒரு நோயாளியிடமிருந்து ஒட்டிய கிருமி இன்னொருவருக்குப் போகாமல் காப்பதும் மருத்துவ கவுனின் வேலை. கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை, பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை தொடக்கம் சிறிய தனியார் சிகிச்சை நிலையங்கள் வரை எல்லா இடத்திலும் இது தேவைப்படுகிறது. மருத்துவரும் தாதியரும் மட்டுமன்றி, சிற்றூழியர், ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் சுத்திகரிப்புத் தொழிலாளர், சலவைப் பிரிவினர், நோயாளிக்குத் துணை நிற்கும் உறவினர் ஆகியோரும் கவுன் அணிய நேர்கிறது. நிறத்தையோ தடிப்பையோ பார்த்து கவுனின் தரத்தைச் சொல்ல முடியாது. பொதியின் லேபலில் உள்ள தரக்குறியே அதற்குச் சான்று.

வகைகளும் தரநிலைகளும்

விடுதிகளில் அணிவது தனிமைப்படுத்தல் கவுன். சத்திரசிகிச்சைக் கூடத்தில் அணிவது கிருமிநீக்கம் செய்து பொதியிடப்பட்ட சத்திரசிகிச்சை கவுன். ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் பயன்படுத்துவது ஆபத்து. சத்திரசிகிச்சை கவுனில் முன்பக்கமும் கைகளுமே உரிய தடுப்பைத் தரவேண்டும். முதுகுப்புறத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விடுதியில் நோயாளியைத் தூக்கித் திருப்பும் பணியாளருக்கு முதுகும் மறைய வேண்டும்.

அமெரிக்காவின் ஏஏஎம்ஐ பிபி70 தரம் திரவத்தைத் தடுக்கும் திறனை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலை சாதாரணப் பராமரிப்புக்கும் பார்வையாளருக்கும் போதும். நாளத்திலிருந்து இரத்தம் எடுப்பதற்கும் தையல் போடுவதற்கும் இரண்டாம் நிலை வேண்டும். நாடியிலிருந்து இரத்தம் எடுத்தல், அவசர சிகிச்சைப் பிரிவில் விபத்துக் காயங்களைக் கவனித்தல் போன்றவற்றுக்கு மூன்றாம் நிலை. இரத்தம் மிகுதியாகப் பாயும் நீண்ட சத்திரசிகிச்சைக்கு நான்காம் நிலை. இரண்டாம் நிலைத் துணி 20 சென்ரிமீற்றர் நீர் அழுத்தத்தையும், மூன்றாம் நிலைத் துணி 50 சென்ரிமீற்றர் நீர் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். நான்காம் நிலைத் துணி வைரஸ் ஊடுருவாமைக்கான சோதனையில் தேற வேண்டும். ஐரோப்பாவில் சத்திரசிகிச்சை கவுன்களுக்கு ஈஎன் 13795 என்ற தரம் உள்ளது.

சாதாரணப் பருத்திக் கவுன் நனைந்தவுடன் திரவத்தையும் கிருமியையும் உள்ளே விட்டுவிடும். எனவே இரத்தமும் நீரும் தெறிக்கும் வேலைக்கு அது உதவாது.

தெரிவு செய்யும்போது இரண்டு கேள்விகள் போதும்: எவ்வளவு திரவம் படக்கூடும்? நோய் எவ்வழியாகத் தொற்றுகிறது? வயிற்றோட்டத்துக்கும், தொடுகையால் பரவும் எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமிகளுக்கும் கவுன் அவசியம். காற்றினால் பரவும் காசநோயில் முதலில் தேவைப்படுவது பொருத்தமான சுவாசக் கவசம். தேவையில்லாத இடத்தில் கவுனைச் செலவழித்தால் தேவையான இடத்தில் அது இல்லாமற் போகும்.

அணிதல், கழற்றல், அகற்றல்

கைகளைக் கழுவிய பின் கவுன், முகக்கவசம், கண்ணாடி, கையுறை என்ற வரிசையில் அணிய வேண்டும். கையுறையின் விளிம்பு கவுனின் கைமுனையை மூட வேண்டும். கழற்றும்போது தொற்று ஏற்படும் ஆபத்து அதிகம். முதலில் கையுறை, அடுத்து கண்ணாடி, பின்னர் கவுன், கடைசியாக முகக்கவசம் எனக் கழற்ற வேண்டும். கவுனின் வெளிப்புறத்தைத் தொடாமல், உட்புறம் வெளியே வரும்படி சுருட்டி எடுத்து, உடனே கைகளைக் கழுவ வேண்டும். நனைந்த, கிழிந்த கவுனை உடனே மாற்ற வேண்டும். ஒரே கவுனுடன் இரண்டு நோயாளிகளைத் தொடுவதும், கவுனுடன் சிற்றுண்டிச்சாலைக்குப் போவதும் கூடாது.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கவுனைத் துவைத்து மீண்டும் அணியக்கூடாது. துவைக்கத்தக்க கவுன்களை வைத்தியசாலைச் சலவைப் பிரிவிலேயே துவைக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது. சூடான நீரில் துவைப்பதாயின் குறைந்தது 71 பாகை செல்சியஸில் 25 நிமிடம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டல். கண்டியின் மழைக்கால ஈரத்தில் அரைகுறையாகக் காய்ந்த துணியை மடித்து வைக்கக்கூடாது. கிருமிநீக்கப் பொதி நனைந்திருந்தால் அது கிருமியற்றது என்று கொள்ளவே முடியாது. தொற்றுள்ள கவுன் மஞ்சள் பையில் போடப்பட வேண்டும். அது பொதுக் குப்பையுடன் கலந்து மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொட குப்பைமேட்டுக்குப் போனால், குப்பை பொறுக்குவோருக்கும் நீர்நிலைக்கும் கேடு.

தட்டுப்பாடும் தரக்குறைவும்

2022 மார்ச் இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையில் முன்கூட்டித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. இத்தகைய நெருக்கடியில் அவசரக் கொள்வனவும் நன்கொடையும் பெருகும். தரச் சோதனை தளரும். செல்வந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. உரிய அனுமதியற்ற இடங்களில் தயாரிக்கப்பட்டதால் கிருமியற்ற தன்மையை உறுதிசெய்ய முடியாத 90 லட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சை கவுன்கள் 2020 ஜனவரியில் அமெரிக்காவில் மீளப்பெறப்பட்டன. கொவிட் காலத்தில் பிரித்தானிய அரசு சுமார் 12 கோடி 20 லட்சம் பவுணுக்கு வாங்கிய 2.5 கோடி கவுன்கள் ஒப்பந்தப்படி கிருமியற்றவை என நிரூபிக்கப்படவில்லை என்று இலண்டன் உயர் நீதிமன்றம் 2025 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது.

உரிமைகளும் பரிகாரங்களும்

இலங்கையில் மருத்துவச் சாதனங்களை ஒழுங்குபடுத்துவது, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. விசேட தேவைகளில் பதிவின்றி இறக்குமதி செய்ய அச்சட்டத்தின் 109 ஆம் பிரிவு இடமளிப்பதால், பதிவு விபரத்தைக் கேட்டறிவது வாங்குபவரின் பொறுப்பு. தரக்குறைவான கவுன் பற்றி அந்த அதிகாரசபையிடம் முறையிடலாம். பொய்யான லேபலுடன் கடையில் விற்கப்பட்டால், பற்றுச்சீட்டுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

அரச வைத்தியசாலை எந்தத் தரத்தில் கவுன் வாங்குகிறது என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தமிழிலேயே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

பணியாளர் கவுன் இல்லாமையை முதலில் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் பணிப்பாளருக்கும் எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்வது நல்லது. வேலையில் நேரும் காயத்துக்கும், சட்டத்தில் குறிப்பிடப்பட்ட தொழில்சார் நோய்களுக்கும் 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டஈடு கோரலாம். கண், வாய் அல்லது தோலின் காயத்தில் இரத்தம் தெறித்தால் உடனே கழுவி, பிரிவுப் பொறுப்பாளரிடம் பதிவுசெய்து, மருத்துவரைக் காண வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையெனில் 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தவரை விரைவாக ஆரம்பித்து 28 நாட்கள் எடுக்க வேண்டும்.

நோயாளியும் வாய்மூடி இருக்கத் தேவையில்லை. அடுத்த கட்டிலிலிருந்து அதே கவுனுடன் வருபவரிடம், மாற்றிவிட்டு வருமாறு பணிவாகக் கேட்பது அவரது உரிமை.

நன்கொடை வழங்கும் சங்கங்களும் ஆலயங்களும் வாங்குவதற்கு முன் வைத்தியசாலையின் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் தேவையான வகையையும் நிலையையும் கேட்டறிய வேண்டும். தரக்குறியும் தயாரிப்பாளர் பெயரும் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் இல்லாத கவுனை வாங்கவும் வேண்டாம், நன்கொடையாகக் கொடுக்கவும் வேண்டாம்.