உடன்படிக்கையும் கொங்கு நாடும்

போர் நிறுத்தம் வேறு. சமாதான உடன்படிக்கை வேறு. படைகள் கருவிகளைத் தாழ்த்துதல் முன்னது. கைப்பற்றிய ஊர்கள் எவர்க்குரியன, சிறைப்பட்டோர் எப்பொழுது விடுவிக்கப்படுவர், சொல் தவறாமைக்குப் பிணை யாது என்பவற்றை வரையறுத்து இருதிறத்தாரும் கைச்சாத்திடுதல் பின்னது. பண்டைத் தமிழர் இதனைச் சந்து செய்தல் என்றனர். சோழர் இருவரிடையே கோவூர் கிழார் முயன்றதும் இதுவே. யாக்கோபும் லாபானும் கற்குவியலைச் சாட்சியாக்கிச் செய்துகொண்ட உடன்படிக்கையை வேதம் கற்றோர் அறிவர்.

இஃது எவ்வளவில் போரை முடிக்கும் என்றறிய நாம் தொலைநாடு செல்லவேண்டுவதில்லை. பனியன் தொழிலால் பெயர்பெற்ற திருப்பூர் மாவட்டத்துள் அடங்கிய தாராபுரமே சான்று. 1780-இல் மூண்ட இரண்டாம் மைசூர்ப் போரில், கர்னல் புல்லர்ட்டன் என்பார் கும்பினிப் படையுடன் 1783-இல் தாராபுரத்தையும், பின்னர்ப் பாலக்காடு, கோயம்புத்தூர்க் கோட்டைகளையும் பிடித்தார். 1784 மார்ச்சு 11-இல் மங்களூரில் திப்பு சுல்தானும் கும்பினியாரும் உடன்பட்டனர். பிடித்த இடங்களைத் திருப்பித் தருதல், சிறைப்பட்டோரை விடுத்தல் என்பனவே அதன் சாரம். யுத்தம் நின்றது மெய். அதற்கு மூலமான பகைமையோ தீர்க்கப்படவில்லை. 1790-இல் கோயம்புத்தூர் மீண்டும் படைகளின் வழியாயிற்று.

1792-இல் சீரங்கப்பட்டணத்தில் எழுதப்பட்டதோ முன்னதற்கு நேர்மாறு. கும்பினியாரும் நிசாமும் மராட்டியரும் ஒருங்கு நிற்க, திப்பு தம் நாட்டிற் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தரவும் இசைந்தார். தொகை தீருமளவும் அவர்தம் புதல்வர் இருவர் பிணையாக ஒப்புவிக்கப்பட்டனர். சிறுவரை ஈட்டுப்பொருள் போல் வைத்த அவ்வழக்கத்தை நம்மாற் பாராட்ட இயலவில்லை. திண்டுக்கல்லும் பாரமகாலும் கைமாறின. கோயம்புத்தூர்ச் சீமை திப்புவிடமே நின்றது. இத்துணைக் கடுமையும் ஏழாண்டுக்கு மேல் அமைதியைக் காக்கவில்லை.

1799 மே 4-இல் திப்பு போரில் மாண்டார். வென்றோர் தம்முள் செய்துகொண்ட பங்கீட்டு உடன்படிக்கையால் கோயம்புத்தூர்ச் சீமை கும்பினியார்க்காயிற்று. இந்நாட்டுக் குடிகளை எவரும் கேட்டிலர். காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்திற் பிறந்த தீரன் சின்னமலை அதன் பின்னும் கும்பினியாரை எதிர்த்துப் போரிட்டு, 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். பத்திரத்தின்படி போர் முடிந்து அப்பொழுது ஆறாண்டு ஆகியிருந்தது.