கொங்கிறீற்றின் வெப்பமும் ஈரமும்

கொங்கிறீற்று காய்ந்து இறுகுகின்றது என்பது நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். களிமண்ணுக்கு அது பொருந்தும், சீமெந்துக்குப் பொருந்தாது. சீமெந்து நீரோடு இரசாயன முறையிற் கூடிப் புதிய சேர்வைகளாக மாறுவதனாலேயே கல்லாகின்றது. இதனை நீரேற்றம் என்பர். கொங்கிறீற்றின் நுண்டுளைகளில் ஈரப்பதன் நூற்றுக்கு எண்பதின் கீழ் இறங்கினால் நீரேற்றம் பெரிதும் நின்றுவிடும். ஆகவே, விரைவிற் காய்ந்த கொங்கிறீற்று வளர்ச்சி தடைப்பட்ட கொங்கிறீற்றேயாம்.

நீரேற்றத்தின்போது வெப்பம் வெளிப்படும். ஒரு கன மீற்றரில் 300 கிலோகிராம் சீமெந்து இருக்க, வெப்பம் வெளியேற வழியும் இல்லையாயின், வெப்பநிலை 30 பாகை சதமளவு வரை உயரக்கூடும். பருத்த திணிவுகளில் இதுவே பெருந்தொல்லை. புறம் குளிர்ந்து சுருங்க முயலும். வெம்மை மாறாத அகம் அதற்கு இடங்கொடாது. முடிவில் வெடிப்புத் தோன்றும்.

அமெரிக்காவிலே கொலராடோ ஆற்றுக்குக் குறுக்கே எழுந்த ஹூவர் அணைக்கு 1933 முதல் 1935 வரை கொங்கிறீற்று இடப்பட்டது. அதனை ஒரே திணிவாக வார்த்திருப்பின், தானாகக் குளிர்வதற்கு நூறாண்டுக்கு மேற் சென்றிருக்கும் எனப் பொறியியலாளர் கணித்தனர். ஆதலால், தனித்தனிப் பாளங்களாக, ஒவ்வொரு முறையும் 5 அடி உயரமே வார்த்தனர். ஓரங்குல உருக்குக் குழாய்களை உள்ளே புதைத்து, முதலில் ஆற்று நீரையும் பின்னர்க் குளிரூட்டிய நீரையும் அவற்றினூடே ஓட்டினர். பாளங்கள் குளிர்ந்து சுருங்கியபின், இடைவெளிகளுட் சீமெந்துக் குழம்பைச் செலுத்தி அணையை ஓருடலாக்கினர்.

நம் வீட்டு மேற்றளம் ஐந்தாறு அங்குலத் தடிப்பே உடையது. அதில் உண்டாகும் வெப்பம் எளிதில் வெளியேறிவிடும். ஈரமும் அவ்வாறே வெளியேறிவிடுவதுதான் இடர். யாழ்ப்பாணத்திலே சோளகம் வீசும் மாதங்களில், உள்ளிருந்து நீர் கசிந்து மேலெழுமுன் மேற்பரப்பு நீர் ஆவியாகிவிடும். வார்த்த சில மணி நேரத்துள் மயிரிழை வெடிப்புக்கள் ஓடுவது இதனாலேயே. மாலை வேளையில் வார்த்து, மேற்பரப்பு மினுக்கம் குன்றியவுடனே மூடிவிடுதல் நன்று.

மூன்றாம் நாள் தளத்தில் நடக்கலாம். அத்துடன் நீரூற்றுவதை நிறுத்திவிடுவோரே அதிகம். ஆயின், குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காக்கவேண்டும். அறவே ஈரம் காக்கப்படாத கொங்கிறீற்று, இடைவிடாது காக்கப்பட்டது பெறும் வலிமையில் ஏறத்தாழ அரைவாசியையே அடையும். அதன் மேற்படை நுண்டுளை மலிந்து நிற்க, காற்றும் உப்பும் கம்பியை அணுகும். கம்பி துருவேறிப் பருத்துக் கொங்கிறீற்றைப் பெயர்க்கும். அது தெரியவருங் காலத்தில் மேசனாரைத் தேடிப் பயனில்லை!

கலவையிலேயே நீரைத் தாராளமாக விட்டாற் பின்னர் ஊற்றும் வேலை மிச்சம் என்பாரும் உளர். நீரேற்றத்திற் சீமெந்தோடு கூடும் நீர், சீமெந்து நிறையிற் காற்பங்களவே. கலப்பதற்கும் பரப்புவதற்குமாகச் சிறிது கூட்டத்தான் வேண்டும். அளவு கடந்த நீரோ ஆவியாகி, இருந்த இடத்தை வெற்றுத் துளையாக விட்டுச் செல்லும்.

தளத்தின்மேற் களிமண் வரம்பு கட்டி நீரைத் தேக்குவது நம்மவர் கையாளும் சிறந்த முறை. தூணில் நீர் தங்காதாகையால், அதற்குச் சாக்குச் சுற்றிக் காலையும் மாலையும் நனைக்கவேண்டும். உவர்க்கிணற்று நீர் இவ்வேலைக்கு ஆகாது. அதன் உப்பு உள்ளிறங்கிக் கம்பியை அரிக்கும்.