கருவிகளின் அயலுறவு

வாசற்படியில் நின்று குரல் கொடுத்தால் அடுத்த வீட்டாருக்கு அது கேட்கும். கணினி வலையமைப்பில் செய்திகளுக்கு வழிகாட்டும் 'ரவுட்டர்' என்னும் கருவிகளும் இம்முறையையே கைக்கொள்கின்றன. 'ஓ.எஸ்.பி.எப்.' என்னும் நெறியைப் பின்பற்றும் கருவி, குறித்த நேரத்துக்கு ஒருமுறை 'ஹலோ' என்று அழைக்கும். அதைக் கேட்ட கருவி, அழைத்ததன் அடையாள எண்ணைத் தன் ஹலோவிற் சேர்த்து அனுப்பும். அதன் பின்னரே இரண்டும் அயலவராகி வழிகளைப் பகிர்ந்துகொள்ளும். அயலுறவு அறுந்தால், கம்பி பழுதற்றிருப்பினும் வழி மறைந்துவிடும்.

1990களில் பரவிய 'பிரேம் ரிலே' இணைப்புகளில் இவ்வுறவு அடிக்கடி சிக்கலுக்குள்ளாயிற்று. ஒரு வங்கியின் தலைமைக் கந்தோர் கொழும்பிலும், கிளைகள் கல்முனை, தம்பிலுவில் ஆகிய ஊர்களிலும் இருப்பதாகக் கொள்க. நேயர்கள் அறிந்தவாறு, இவ்விரண்டும் ஒரே கடற்கரையோரத்து ஊர்கள். மூன்று கருவிகளும் ஒரே வலையைச் சேர்ந்த முகவரிகளைப் பெற்றிருக்கும். ஆயினும் கிளை ஒவ்வொன்றிலிருந்தும் கொழும்புக்கு மட்டுமே இணைப்புச் சுற்று உண்டு. தம்பிலுவிலின் குரல் கல்முனைக்கு நேரே கேளாது. முகவரியைப் பார்த்தால் ஒரே தெரு. உள்ளபடி பார்த்தால் தனித்தனி ஒழுங்கைகள். தொல்லைகளுட் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுவே.

ஒருநாட் காலை தம்பிலுவில் கிளையில் கணக்கு விவரம் எதுவும் திரையில் தோன்றவில்லை. வாடிக்கையாளர் வரிசையிற் காத்து நிற்கின்றனர். கருவியை அணைத்து மீண்டும் இயக்குவதே பலருடைய முதல் வைத்தியம்; அதனால் நோய் அறியப்படுவதில்லை. சுற்று உயிரோடுள்ளதா என்பதையே முதலில் நோக்க வேண்டும். கொழும்பின் முகவரிக்கு அனுப்பும் சோதனைச் செய்திக்கு மறுமொழி வந்தும் அயலுறவு ஏற்படாதிருத்தல் கூடும். காரணம் எளிது. சோதனைச் செய்தி ஒருவருக்கு எழுதிய கடிதம், ஹலோவோ 224.0.0.5 என்னும் பொது முகவரிக்கு விடுக்கப்படும் கூவல். கூவலைப் படியெடுத்துச் சுற்றுதோறும் அனுப்புமாறு கட்டளையிடாவிடின் பிரேம் ரிலே அதைக் கொண்டுசெல்லாது. அன்றேல், அயலவரின் முகவரிகளைக் கொழும்புக் கருவியில் ஒவ்வொன்றாக எழுதிவைத்தல் வேண்டும்.

அயலவர் பட்டியலில் 'இனிட்' என்னும் நிலை நீடித்தால், அந்தக் கருவி மற்றதன் குரலைக் கேட்கின்றது, ஆனால் அதன் குரல் மறுபுறம் சேரவில்லை என்பது பொருள். நேர அளவும் பொருந்த வேண்டும். ஒருமுனை 10 வினாடிக்கு ஒருமுறையும் மறுமுனை 30 வினாடிக்கு ஒருமுறையும் அழைக்குமாறு அமைக்கப்பட்டிருந்தால், ஹலோ வந்து சேர்ந்தும் தள்ளப்படும்.

மிகவும் ஏமாற்றுவது தலைமைத் தேர்தல். முன்னுரிமை சமமாயின் அடையாள எண் பெரிதான கருவியே தலைமை பெறும். தம்பிலுவில் தலைமை பெற்றால், கல்முனையின் குரல் அதற்கு எட்டாது. ஆகவே கிளைகளின் முன்னுரிமையைப் பூச்சியமாக்கிக் கொழும்பைத் தலைமையில் இருத்துவர். ஒவ்வொரு சுற்றையும் இருமுனைத் தனியிணைப்பாகப் பிரித்துவிடுவது இதனினும் நன்று; அங்கே தேர்தலே இல்லை.

பிரேம் ரிலே இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. எனினும் இணையத்தின் மீது மறைகுறிச் சுரங்கங்கள் அமைத்துக் கிளைகளைத் தலைமையகத்தோடு இணைக்கும் இடங்களிலும், கூவலைப் படியெடுக்கும் கட்டளை விடுபட்டால் இதே மௌனம் நேர்கின்றது.