டெண்டர் பெட்டி எங்கே இருக்கிறது?

ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டும். ஆற்றில் பாலம் போட வேண்டும். செலவு செய்வது சர்க்கார். பணம் யாருடையது? நம்முடையது. நாம் கொடுத்த வரிப்பணம்.

வீட்டுக்குச் சுவர் எடுப்பதென்றால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு, மூன்று கொத்தனார்களிடம் கேட்கிறோம். நியாயமான விலை சொல்கிறவருக்கு வேலையைக் கொடுக்கிறோம். சர்க்காரும் அப்படித்தான் செய்கிறது. ஆனால் வாயால் கேட்பது இல்லை. எழுத்தில் கேட்கிறது. அதற்குப் பெயர்தான் டெண்டர்.

பூட்டிய பெட்டி

முன்பு காரியாலயத்தில் ஒரு பெட்டி இருக்கும். பூட்டி சீல் வைத்திருப்பார்கள். காண்டிராக்டர் தன் விலையை எழுதி, கவரில் வைத்து ஒட்டி, அந்தப் பெட்டியில் போடுவார். குறித்த நாளில், குறித்த மணிக்கு, வந்திருப்பவர்கள் முன்னிலையில் பெட்டி திறக்கப்படும்.

சில இடங்களில் பெட்டிக்குப் பக்கத்தில் அடியாட்கள் நிற்பார்கள். வேறு ஆள் வந்தால் வழி மறிப்பார்கள். கவரைப் பிடுங்கிக் கிழிப்பார்கள். போட்டிக்கு ஆள் இல்லாவிட்டால் விலை ஏறும். நஷ்டம் யாருக்கு? நமக்கு!

திரைக்குள் பெட்டி

இதற்கு மாற்றாக வந்ததுதான் மின்னணு டெண்டர். டெண்டரைப் போடும் இணையதளத்துக்கு "போர்ட்டல்" என்று பெயர். தென் கொரியா 2002-ம் ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒரே போர்ட்டலைத் திறந்தது. நம் நாட்டில் தேசிய தகவலியல் மையம் ஒரு முறையை உருவாக்கியது. தமிழ்நாடு உள்பட பல மாநிலங்களில் அது நடைமுறையில் இருக்கிறது.

காண்டிராக்டர் அலுவலகத்துக்கு வர வேண்டியது இல்லை. வீட்டில் இருந்தே டெண்டர் போடலாம். பேனாக் கையெழுத்துக்குப் பதில் மின்னணுக் கையெழுத்து. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது செல்லும். அவர் எழுதிய விலை ரகசியக் குறியீடாக மாறிவிடும். ஒரே அதிகாரி தனியாக அதைத் திறக்க முடியாது. இரண்டு பேராவது அவரவர் மின்னணுச் சாவியைப் போட வேண்டும்.

எந்தக் கடிகாரம்?

இரும்புப் பெட்டியைக் கண்ணால் பார்க்கலாம். திரைக்குள் இருக்கும் பெட்டியை எப்படி அடையாளம் காட்டுவது? எழுத்தில்தான் காட்ட வேண்டும். ஆகவே, "போர்ட்டல் என்றால் இதுதான்" என்று டெண்டர் பத்திரம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கடைசி நேரம் மாலை 3 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். காண்டிராக்டரின் கைக்கடிகாரத்தில் 2.58. போர்ட்டலின் கடிகாரத்தில் 3 மணி. கதவு மூடிவிட்டது! எந்த நேரம் செல்லும்? பத்திரத்தில் எழுதியிருந்தால் சண்டை இல்லை. எழுதாவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுவரை பாலம் நிற்கும். ஜனங்கள் ஆற்றில் இறங்கி நடப்பார்கள்.

பத்திரத்தில் இருக்க வேண்டியவை இவை:

போர்ட்டலின் சரியான முகவரி எது?

யாருடைய கடிகாரம் செல்லும்?

டெண்டர் வந்து சேர்ந்தது என்பதற்கு எது ரசீது?

போர்ட்டல் பழுதானால் கெடு எப்படி நீட்டப்படும்?

காகிதத்தில் ஒன்றும் திரையில் ஒன்றுமாக இருந்தால் எது செல்லும்?

யார், எப்போது உள்ளே புகுந்தார் என்ற பதிவு எங்கே இருக்கும்?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். மத்தியப் பிரதேசத்தில் அப்போது இருந்த போர்ட்டலில், சில டெண்டர்களின் விலைகள் திருத்தப்பட்டதாக 2018-ம் ஆண்டில் புகார் எழுந்தது. 2019-ல் போலீஸ் வழக்குப் பதிவானது. பெட்டி மாறலாம். ஆசை மாறுவது இல்லை!

நாமும் பார்க்கலாம்

தமிழ்நாட்டில் டெண்டருக்கென்று 1998-ம் ஆண்டிலேயே வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துவிட்டது. போர்ட்டலில் வரும் டெண்டர் அறிவிப்புகளைக் காண்டிராக்டர் மட்டும் அல்ல, யாரும் பார்க்கலாம். உங்கள் ஊர்ச் சாலைக்கு டெண்டர் விட்டிருக்கிறார்களா? வீட்டில் படிக்கிற பிள்ளையைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் நம்முடையது. கணக்குக் கேட்கும் உரிமையும் நம்முடையதே!