வாய், தொண்டைப் புற்றுநோயும் எம்.ஆர்.ஐ. ஸ்கானும்

வாயில் ஆறாத புண், விழுங்கும்போது நோவு, கழுத்தில் கட்டி, மூன்று வாரங்களுக்கு மேலாக மாறாத குரலடைப்பு என்பன வாய், தொண்டைப் புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். வெற்றிலையும் புகையிலையும் போடும் பழக்கம் எங்கள் பெண்களிடமும் உண்டு. புகையிலை சேர்க்காமல் வெற்றிலையும் பாக்கும் போட்டாலும் புற்றுநோய் வரலாம் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு உறுதிப்படுத்தியது.

நோய் கண்டுபிடிக்கப்பட்டதும் சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, மருந்துச் சிகிச்சை என்பன தேவைக்கேற்ப வழங்கப்படும். கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் ஆறு, ஏழு வாரங்கள் நடைபெறும். பிள்ளைகளை அயலில் விட்டு, கூலி வேலையை இழந்து, மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ தங்கிச் சிகிச்சை பெறும் பெண்ணின் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இந்தச் சிகிச்சை எனக்குப் பலன் தருகிறதா?"

அதற்கு விடை காண உதவும் வழிகளில் ஒன்றே எம்.ஆர்.ஐ. ஸ்கான்.

படம் எப்படிக் கிடைக்கிறது?

எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகவும் வலுவான ஒரு காந்தம். அது எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்துவதில்லை. காந்தப் புலமும் வானொலி அலைகளும் சேர்ந்து, உடலிலுள்ள நீரிலிருந்து வரும் சமிக்ஞைகளைப் படமாக்குகின்றன. நாக்கு, தொண்டை, கழுத்துத் தசை போன்ற மென்மையான பகுதிகள் அதில் தெளிவாகத் தெரியும்.

சிகிச்சைக்கு முன் ஒரு படமும் பின்னர் ஒரு படமும் எடுத்து, கட்டி சுருங்கியுள்ளதா, கழுத்து நெறிகளில் நோய் எஞ்சியுள்ளதா என்று வைத்தியர் ஒப்பிடுவார். ஆகவே பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருந்து ஒவ்வொரு முறையும் கொண்டு செல்லுங்கள்.

கதிர்ச் சிகிச்சை முடிந்தவுடன் தொண்டை வீங்கிப் புண்ணாகியிருக்கும். அந்த வீக்கத்தையும் எஞ்சிய நோயையும் பிரித்தறிவது கடினம். அதனால் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை பொறுத்தே படம் எடுப்பார்கள். இந்தத் தாமதம் உங்களைக் கவனியாமல் விட்டதால் ஏற்படுவதல்ல. அதேபோல, நோவு குறைந்துவிட்டது என்பதற்காக அந்தத் திகதியைத் தவற விடவும் கூடாது. எஞ்சிய நோய் காலத்தோடு தெரிந்தால்தான் சத்திரசிகிச்சை செய்து அகற்ற வாய்ப்புண்டு.

புதிய முறையொன்றும் உள்ளது. புற்றுக்கலங்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் நீர் தாராளமாக அசைய முடியாது. சிகிச்சையால் கலங்கள் அழியும்போது நீரின் அசைவு கூடும். இதனை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறை, கட்டி சுருங்கத் தொடங்கும் முன்பே, சில வாரங்களுக்குள் பலனைக் காட்டக்கூடும். ஆயினும் இதனை மட்டும் வைத்துச் சிகிச்சையை மாற்றுவது இன்னமும் பெருமளவில் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

உடலில் சிதறல் இருந்தால்

யுத்தத்தில் காயமடைந்த சகோதரிகள் இப்பகுதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஷெல் துண்டுகள் பெரும்பாலும் உருக்கினால் ஆனவை. காந்தம் அவற்றை இழுக்கவோ சூடாக்கவோ கூடும். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றின் அருகே அவை இருந்தால் பேராபத்து ஏற்படலாம். கண்ணில் சிறு உலோகத் துணிக்கை இருந்த ஒரு தொழிலாளி எம்.ஆர்.ஐ. எடுத்தபின் அக்கண்ணின் பார்வையை இழந்தமை 1986ஆம் ஆண்டு மருத்துவ சஞ்சிகையொன்றில் பதிவாகியுள்ளது.

பல வருடங்களாக நோகாத சிதறலைச் சிலர் மறந்தே விடுவார்கள். வேறு சிலர், "எங்கே பட்டது, எப்படிப் பட்டது" என்று விசாரிப்பார்களோ எனப் பயந்து மறைப்பார்கள். காயத்தின் கதையை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. "என் உடலில் இந்த இடத்தில் இரும்புத் துண்டு இருக்கிறது" என்று சொன்னால் போதும். நிச்சயமில்லாவிட்டால், "காயம் பட்டது, உள்ளே ஏதும் இருக்கிறதோ தெரியாது" என்று சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

சிதறல் இருக்கும் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. மறுக்கப்படுவதில்லை. துண்டு இருக்கும் இடத்தையும் அதன் தன்மையையும் பார்த்து வைத்தியர் முடிவெடுப்பார். எம்.ஆர்.ஐ. முடியாதெனில் சி.ரி. ஸ்கான், குழாய்க் கருவியால் தொண்டையைப் பார்த்தல் போன்ற வேறு வழிகள் உள்ளன. உண்மையைச் சொல்வதால் சிகிச்சை நின்றுவிடாது.

ஸ்கானுக்குப் போகும் நாளில்

• தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி, காப்பு, கொண்டை ஊசி, சட்டை ஊசி அனைத்தையும் கழற்றி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். செயற்கைக் கால் அணிந்திருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

• கர்ப்பமாக இருந்தாலோ, சிறுநீரக நோய் இருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். படம் தெளிவாகத் தெரிய ஏற்றப்படும் மருந்து அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

• அரை மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக அசையாமல் படுத்திருக்க வேண்டும். இயந்திரம் படபடவென்று பெரிய சத்தம் போடும். ஷெல் சத்தத்தின் நினைவு வரக்கூடியவர்கள் அதனை முன்னரே சொல்லுங்கள். காதடைப்பான் தருவார்கள். கையில் தரப்படும் அழைப்பு மணியை அமுக்கினால் உடனே நிறுத்துவார்கள்.

மொழி விளங்காவிட்டால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். படிவத்தில் என்ன கேட்கப்பட்டுள்ளது என்று தெரியாமல் கையொப்பமிட வேண்டாம். படம் எடுத்தபின், "கட்டி குறைந்திருக்கிறதா? அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டறிந்து கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.