கை அறுபட்டால் நோய்க்குப் பயந்து வீட்டில் இருக்காதீங்க



2020 மார்ச் 25-ஆம் தேதி கொரோனாவுக்காக நாடெங்கும் ஊரடங்கு வந்தது. இரண்டே நாளில் விவசாய வேலைக்கு விலக்கு கொடுத்தார்கள். கதிரடிக்கிற மெஷினும் தட்டு நறுக்குற மெஷினும் ஓடின. அதில் கை மாட்டுவதும் நிற்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனா நோய் ஒட்டிக்குமே" என்று வீட்டிலேயே கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. காயம்பட்ட கை அப்படிக் காத்திருக்காதுங்க. இனி ஒரு கொள்ளைநோய் வந்தாலும் இதை நினைவில் வையுங்க.

முதலில் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்க. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கணும். துணியை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிடுங்க. காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கைக்குத் தேய்க்கிற சானிடைசரைக் காயத்தில் ஊற்றவே கூடாது. அது புண்ணில்லாத தோலுக்கு மட்டும்தான்.

விரல் துண்டாகிப் போச்சா? தூக்கி எறிஞ்சிடாதீங்க. நல்ல தண்ணீரில் மண் போக அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்க. அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்க. ஐஸ் நேராகப் பட்டால் சதை உறைந்து செத்துப்போகும். ஐஸுக்கு எங்கே போவது என்கிறீர்களா? மீன்காரர் பெட்டியில் இருக்குமே! விரலில் தசை கிடையாது. அதனால் குளிர்ச்சியில் வைத்தால் சுமார் ஒரு நாள்கூடத் தாங்கும். மணிக்கட்டோடு போனால் உள்ளங்கையில் தசை இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் மறுபடி ஓடியாக வேண்டும்.

108-க்குப் போன் போட்டதும் "விரல் துண்டாகிவிட்டது, ஒட்டவைக்கிற ஆஸ்பத்திரி வேணும்" என்று சொல்லுங்க. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. வழியில் காபித் தண்ணிகூடக் கொடுக்காதீங்க. மயக்க மருந்து தேவைப்படலாம்.

தொற்று பயத்துக்கும் டாக்டர்கள் வழி செய்தார்கள். முழு மயக்கத்துக்குத் தொண்டையில் குழாய் விடும்போது மூச்சு வழியாக நோய் பரவலாம். அதனால் முடிந்த இடத்தில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். நோயாளி முகக்கவசத்தோடு முழித்தபடியே படுத்திருப்பார். தானே கரையும் தையல் போட்டதால் பிரிக்க வரவேண்டியதில்லை. காய்ச்சல், இருமல் இருந்தால் மறைக்காமல் வாசலிலேயே சொல்லிடுங்க. தனியாக வைத்துப் பார்ப்பார்கள்.

தடுப்பூசியை, அதாவது வில்வாத ஜன்னிக்கானதை, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்க. பிறகு விரலை மடக்கி நீட்டும் பயிற்சி. அதை எப்போது தொடங்குவது என்று டாக்டர் சொல்லணும், போனில்கூடக் கேட்டுக்கொள்ளலாம். வலிக்குதே என்று அதை விட்டுவிட்டால் விரல் விறைத்து, பால் கறக்கக்கூட மடங்காது.