மொறுமொறு காடை வறுவல் - சாயமில்லாமல், நம் வீட்டிலேயே!

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோடில் போனால், தள்ளுவண்டிகளிலிருந்து வரும் வறுவல் வாசனை ஆளைத் தூக்கும். பூந்தமல்லி டிரங்க் ரோடிலும் இதே கதைதான். சிக்கனுக்குப் பக்கத்திலேயே செக்கச்செவேலென்று காடையும் தொங்கும். குழந்தைகள் "அம்மா, அது வேணும்" என்று முந்தானையைப் பிடித்து இழுக்காமல் இருப்பார்களா?

வேண்டாம் என்று சொல்வதைவிட, நாமே செய்து கொடுப்பது நல்லதல்லவா? ஒரு மணி நேர வேலைதான்.

எங்கள் தெருவில் ஒரு தங்கை கேட்டாள்: "ஏன் அக்கா, காட்டுக் காடைக்கு இருக்கிற ருசி பண்ணைக் காடைக்கு வருமா? யாராவது பிடிச்சுக்கிட்டு வந்தா வாங்கலாமா?"

கூடவே கூடாது! காட்டுக் காடை, கௌதாரி, காட்டு முயல் எல்லாவற்றுக்கும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. பிடிப்பவர், விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளிதான். என் மாமியார் சின்ன வயதில் திருவள்ளூர் பக்கத்து வயல் வரப்புகளில் காடைக் கூட்டம் பார்த்ததாகச் சொல்வார். இப்போது அங்கெல்லாம் வீட்டு மனைகள். மிச்சமிருக்கும் பறவைகளாவது இருந்துவிட்டுப் போகட்டுமே!

கறிக்கடைகளில் நாம் வாங்குவது ஜப்பானியக் காடை. 1974-ல் நம் நாட்டுக்கு வந்தது. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் 'நந்தனம் காடை' என்ற இனத்தை உருவாக்கியிருக்கிறது. பதினேழு, பதினெட்டு நாளில் குஞ்சு பொரித்து, ஐந்து வாரத்திலேயே கறிக்குத் தயாராகிவிடும். இளசான கறி என்பதால் சீக்கிரம் வேகும். இதற்கும் நம் மசாலாவுக்கும் அப்படி ஒரு பொருத்தம்!

தேவையானவை (நான்கு பேருக்கு)

உரித்துச் சுத்தம் செய்த காடை - 4
இஞ்சி பூண்டு விழுது - 1 மேஜைக்கரண்டி
காஷ்மீரி மிளகாய்த்தூள் - 2 டீஸ்பூன்
மிளகுத்தூள், மல்லித்தூள் - தலா 1 டீஸ்பூன்
மஞ்சள்தூள் - கால் டீஸ்பூன்
கெட்டித் தயிர் - 2 மேஜைக்கரண்டி
எலுமிச்சம்பழம் - அரை மூடி
அரிசி மாவு, கார்ன்ஃப்ளார் - தலா 2 மேஜைக்கரண்டி
கறிவேப்பிலை, உப்பு, பொரிக்க எண்ணெய்

செய்முறை

ஒவ்வொரு காடையையும் நான்காக வெட்டி, சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். மொறுமொறுப்பின் ரகசியமே இதுதான். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், மேல் மாவும் சொதசொதவென்று ஆகிவிடும்.

மாவு வகைகள், கறிவேப்பிலை தவிர மற்றவற்றைத் தடவி, மூடி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பொரிக்கும் நேரத்தில்தான் மாவுகளைத் தூவிப் பிசற வேண்டும். முன்கூட்டியே கலந்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் தீயை நடுத்தரமாக்கி, நான்கைந்து துண்டுகளாகப் போட்டு ஐந்தாறு நிமிடம் பொரித்தெடுங்கள். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, தீயைக் கூட்டி, மறுபடி ஒரே ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். முதல் தடவை உள்ளே வேகும், இரண்டாம் தடவை மேலே முறுகும். தொடைப் பகுதியைக் குத்திப் பார்த்தால் வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். கடைசியில் கறிவேப்பிலையைப் பொரித்துத் தூவுங்கள்.

தொட்டுக்கொள்ள சாஸ்

விதை நீக்கிய 6 காஷ்மீரி மிளகாய், நெல்லிக்காய் அளவு புளி இரண்டையும் வெந்நீரில் ஊறவைத்து, 8 பல் பூண்டு, உப்பு சேர்த்து நைஸாக அரையுங்கள். ஒரு மேஜைக்கரண்டி நல்லெண்ணெயில் பச்சை வாசனை போகும்வரை சுண்ட வதக்கி, ஒரு மேஜைக்கரண்டி வெல்லத்தூள் போட்டு இறக்குங்கள். காரம், புளிப்பு, இனிப்பு மூன்றும் நாக்கில் நிற்கும். காரம் ஆகாத குழந்தைகளுக்குக் கெட்டித் தயிரில் புதினா, கொத்தமல்லி அரைத்துக் கலந்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை

சிவப்பு நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாயே போதும், கலர்ப் பொடி எதற்கு? பஞ்சு மிட்டாயில் ரோடமைன் - பி என்ற சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதைத் தடை செய்தது. அதே ஜூனில் கர்நாடக அரசு கபாப் வகைகளில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. நம் அடுப்படியில் மட்டும் அந்தப் பாக்கெட் எதற்கு?

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். கறுத்துப் போய்ப் புகையும் எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள். வடிகட்டி வைத்து, இரண்டு நாளைக்குள் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள்.

பச்சைக் கறி வெட்டிய கத்தி, பலகையை சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம், எலுமிச்சை நறுக்காதீர்கள்.

இளம் தாய்மார்களுக்கு முக்கியமாக ஒன்று: காடை எலும்பு ஊசி போல மெல்லியது. சின்னக் குழந்தைகளுக்குத் துண்டாகக் கையில் கொடுக்கவே கூடாது. சதையை மட்டும் பிய்த்து, விரலால் தடவிப் பார்த்து எலும்பில்லை என்று உறுதி செய்துகொண்டு ஊட்டுங்கள்.

வறுவலைச் சூட்டோடு சூடாகப் பரிமாறுங்கள், ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும். பக்கத்தில் வட்டமாக நறுக்கிய வெங்காயமும் ஒரு துண்டு எலுமிச்சையும் இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பாருங்களேன்!